பிறர் சஞ்சிகையிலிருந்து எதை எடுக்கலாம்?

ஒரு கையெழுத்துச் சஞ்சிகை செய்வோம் என்று நான்கு மாணவியர் கூடினால் முதலில் நடப்பது ஒன்றுதான். யாராவது ஒருத்தி நூலகத்துக்குப் போய்ப் பழைய சஞ்சிகைகளை அள்ளிக்கொண்டு வருவாள். மேசையில் அவற்றைப் பரப்பி வைத்து, "இதைப் போல ஒரு பக்கம் வைப்போம்", "இந்த அட்டையைப் போல வரைவோம்" என்று பேசத் தொடங்குவோம். அப்போது ஒருத்தி மெல்லக் கேட்பாள்: "எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தால் அது எப்படி நம்முடைய சஞ்சிகை ஆகும்?"

நல்ல கேள்வி. இதற்கு இரண்டு விதமான அவசரப் பதில்கள் உண்டு. "எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பது ஒன்று. "எதையும் பார்க்கவே கூடாது, எல்லாம் நம் தலையிலிருந்து வர வேண்டும்" என்பது மற்றது. இரண்டும் சரியில்லை என்பதே என் எண்ணம். நம் மொழியில் வந்த நல்ல சஞ்சிகைகள் பலவும் வேறொன்றைப் பார்த்துப் பிறந்தவைதான். ஆனால் அவை எதை எடுத்தன, எதைத் தாமே தேடிக்கொண்டன என்பதில்தான் விடயம் இருக்கிறது. அதைச் சில உதாரணங்களோடு விளக்கி, எங்கள் உயர்தர வகுப்பு மாணவியர் சிலர் இவ்வாண்டு கீழ்வகுப்புத் தங்கைகளுக்காகச் சஞ்சிகை செய்தபோது பின்பற்றிய முறையையும் இங்கே சொல்கிறேன்.

பாரிஸிலிருந்து வந்த வழி

1832இல் பாரிஸ் நகரில் 'லு ஷாரிவாரி' என்ற இதழ் தொடங்கியது. கேலிச் சித்திரங்கள் மூலம் அரசையும் சமூகத்தையும் விமர்சிப்பது அதன் வழி. 1841இல் லண்டனில் 'பஞ்ச்' என்ற நகைச்சுவை வார இதழ் வந்தபோது, தன் பெயரோடு 'லண்டன் ஷாரிவாரி' என்பதையும் சேர்த்தே போட்டுக்கொண்டது. யாரைப் பார்த்துத் தொடங்கினோம் என்பதை அது மறைக்கவில்லை, தலைப்பிலேயே சொல்லிவிட்டது.

பிறகு 'பஞ்ச்' என்ற பெயரே ஊர் ஊராகப் பயணம் செய்தது. பம்பாயில் 'ஹிந்தி பஞ்ச்', லக்னோவில் 1877இல் தொடங்கிய உருது வார இதழ் 'அவத் பஞ்ச்' என்று இந்தியாவிலும் பல இதழ்கள் அப்பெயரைத் தாங்கி வந்தன. லண்டன் பஞ்ச் ஆங்கிலேயருக்காகச் சிரித்தது. இந்திய மண்ணில் வந்தவையோ அதே ஆயுதத்தை எடுத்து ஆங்கில ஆட்சியையே கேலி செய்யவும் பயன்படுத்தின. தமிழில் 1906இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் பாரதியார் கருத்துப்படங்களுக்கு இடம் கொடுத்தார். தமிழ்ப் பத்திரிகைகளில் அவ்வழிக்கு அதுவே முன்னோடி. படம் வரைந்து அரசியல் பேசும் முறை வெளியிலிருந்து வந்தது. அந்தப் படத்தில் யார் நின்றார்கள், எதைச் சொன்னார்கள் என்பது நம் மண்ணிலிருந்து வந்தது.

கண்டியில் ஒரு 'நேசன்'

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் கண்டியில் இருக்கிறது. அறிஞர் எம். சி. சித்திலெப்பை அவர்கள் 1838இல் கண்டியில் பிறந்தவர்; தொழிலால் வழக்கறிஞர். 1882இன் இறுதியில் அவர் 'முஸ்லிம் நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்.

பத்திரிகை என்ற வடிவம் அப்போது இலங்கைத் தமிழருக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1841இலேயே 'உதயதாரகை'யை நடத்தத் தொடங்கியிருந்தார்கள். தங்கள் சமயத்தையும் கல்வியையும் பரப்ப அவர்கள் அந்த வடிவத்தைக் கையாண்டார்கள். ஒரு பக்கத்தில் செய்தி, ஒரு பக்கத்தில் ஆசிரியர் கருத்து, வாசகர் கடிதம் என்னும் அமைப்பு இப்படித்தான் இந்த நாட்டில் வேரூன்றியது. சித்திலெப்பை அவர்கள் "அது பிறருடைய கருவி, நமக்கு வேண்டாம்" என்று ஒதுங்கவில்லை. அந்த வடிவத்தை எடுத்துக்கொண்டார். ஆனால் அதில் அவர் கேட்ட கேள்வி வேறு: நம் பிள்ளைகள் ஏன் படிக்கவில்லை? நம் பெண்பிள்ளைகளுக்கு ஏன் பாடசாலை இல்லை? இந்தக் கேள்விகளுக்கு முன்மாதிரியாக நின்ற பத்திரிகை எதுவும் அன்றைய இலங்கை முஸ்லிம்களிடம் இருக்கவில்லை. வடிவம் இரவல், கேள்வி சொந்தம். இன்று ஒரு முஸ்லிம் பெண்கள் கல்லூரியின் சஞ்சிகையில் நான் இதை எழுதுவதற்கும் அந்தக் கேள்விக்கும் தொடர்பு உண்டு.

ஐந்தாண்டுகள் கழித்து, 1887இல், சிங்கப்பூரில் ஒரு தமிழ் முஸ்லிம் 'சிங்கை நேசன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 'நேசன்', 'மித்திரன்', 'அபிமானி' போன்ற பெயர்கள் அக்காலப் பத்திரிகைகளுக்குப் பொதுச் சொத்தாக இருந்தன. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் கண்டியின் கவலை கண்டியோடும், சிங்கப்பூரின் கவலை சிங்கப்பூரோடும் நின்றது.

சரஸ்வதியிலிருந்து மல்லிகைக்கு

சஞ்சிகை உலகில் ஒன்று மற்றொன்றுக்கு எப்படி வித்தாகிறது என்பதற்கு நம் நாட்டில் சொல்லத்தக்க சிறந்த உதாரணம் 'மல்லிகை'.

சென்னையில் வ. விஜயபாஸ்கரன் 1955இல் 'சரஸ்வதி' என்ற இலக்கியச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1962 வரை அது வெளிவந்தது. இந்திய எழுத்தாளரோடு ஈழத்து எழுத்தாளருக்கும் அது இடம் தந்தது. எழுத்தாளரின் படத்தை அட்டையில் போட்டு மதிப்பளித்தது. அதில் எழுதியவர்களுள் ஒருவர் யாழ்ப்பாணத்து டொமினிக் ஜீவா. அவருடைய பாடசாலைப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. சிகை அலங்காரம் அவர் தொழில். அவருடைய முதற் சிறுகதைத் தொகுதியான 'தண்ணீரும் கண்ணீரும்' 1960இல் வெளிவந்து, இலங்கை சாகித்திய மண்டலப் பரிசையும் பெற்றது. அந்த நூலை வெளியிட்டதும் சரஸ்வதிதான்.

சரஸ்வதி நின்று நான்கு ஆண்டுகளின் பின், 1966 ஓகஸ்ட் மாதத்தில், டொமினிக் ஜீவா 'மல்லிகை'யைத் தொடங்கினார். அச்சஞ்சிகை ஆரம்பத்தில் அவர் வேலை செய்த யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிச் சலூனிலிருந்தே நடந்தது. ஒரு பெரிய நிறுவனமோ பணபலமோ பின்னால் இல்லாமல், 2012ஆம் ஆண்டில் அது 400 இதழ்களைக் கடந்தது.

சரஸ்வதியிலிருந்து மல்லிகைக்கு வந்ததை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். எழுத்தாளரை அட்டையில் நிறுத்தும் வழக்கம் வந்தது. பேர் பெற்றவருக்கும் புதியவருக்கும் ஒரே சஞ்சிகையில் இடம் தரும் மனம் வந்தது. சிறிய சஞ்சிகை ஒன்றினால் பெரிய வேலை செய்ய முடியும் என்ற துணிவு வந்தது. ஆனால் மல்லிகை சென்னைச் சஞ்சிகையின் நகலாக இருக்கவில்லை. அட்டையில் வந்தவர்கள் பெரும்பாலும் இலங்கை எழுத்தாளர்கள், கலைஞர்கள். உள்ளே அவர்களைப் பற்றி அறிந்தவர் எழுதிய கட்டுரை வரும். அவ்வாறு வந்த கட்டுரைகள் பின்னர் 'மல்லிகை முகங்கள்' என்ற நூலாகவும் தொகுக்கப்பட்டன. திக்குவல்லை, நீர்கொழும்பு போன்ற ஊர்களுக்கென்றே சிறப்பிதழ்கள் வந்தன. சிங்களச் சிறுகதைகளின் மொழிபெயர்ப்புகள் வந்தன. வாசகர் கேள்விகளுக்கு ஆசிரியர் பதில் சொல்லும் 'தூண்டில்' பகுதி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சஞ்சிகை திக்குவல்லை முஸ்லிம் இளைஞர்களை எழுத்தாளராக்கியது என்பது சின்ன விடயமல்ல.

இந்தத் தொடர் அங்கேயே நிற்கவுமில்லை. நமது மாவட்டத்துத் தியத்தலாவையைச் சேர்ந்த எச். எப். ரிஸ்னா அவர்களும், வெலிகாமம் ரிம்ஸா முஹம்மத் அவர்களும் சேர்ந்து 'பூங்காவனம்' என்ற இலக்கியக் காலாண்டுச் சஞ்சிகையை நடத்தினார்கள். அதன் அட்டையில் பெண் எழுத்தாளர்கள் வந்தார்கள். உள்ளே அவர்களின் நேர்காணல் வந்தது. அட்டையில் எழுத்தாளரை வைக்கும் வழக்கம் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் முன்பே இருந்ததுதான். அதைப் பெண்களுக்கான இடமாக ஆக்கியதில் இருந்தது இவர்களுடைய கை. இரண்டு முஸ்லிம் பெண்கள் ஒரு சஞ்சிகையின் ஆசிரியர்களாக இருந்தார்கள், அவர்களில் ஒருவர் நம் மலைக்காரர் என்பதை நம் தங்கைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தோட்டத்துக்கு வந்த பத்திரிகை

ஊவாவில் இருந்துகொண்டு பத்திரிகை பற்றிப் பேசும்போது கோ. நடேசய்யரை விட்டுவிட முடியாது. தஞ்சாவூரிலிருந்து இலங்கைக்கு வந்தவர் அவர். வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதே கடினமாக இருந்த காலத்தில் துணி வியாபாரி போலப் போய்த் தொழிலாளரின் நிலையைப் பார்த்தார் என்பது மலையகத்தில் இன்றும் சொல்லப்படும் செய்தி. 1924இல் கொழும்பிலிருந்து அவர் நடத்தத் தொடங்கிய பத்திரிகையின் பெயர் 'தேசபக்தன்'. 1917இல் சென்னையில் திரு. வி. கலியாணசுந்தரனாரை ஆசிரியராகக் கொண்டு வந்த நாளிதழின் பெயரும் 'தேசபக்தன்'தான். பெயர் ஒன்றே. சென்னைத் தேசபக்தன் இந்திய விடுதலையைப் பேசியது. கொழும்புத் தேசபக்தன் தோட்டத் தொழிலாளரின் கூலியையும் கடனையும் பேசியது.

நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் செய்தது இன்னும் கவனிக்கத்தக்கது. தொழிலாளரில் எழுத்து வாசிக்கத் தெரிந்தவர் குறைவு. அவர்களிடம் பத்திரிகை போய்ச் சேராது. ஆகவே மக்கள் ஏற்கனவே அறிந்திருந்த மெட்டுகளில் புதிய சொற்களைப் போட்டுப் பாட்டுகள் எழுதினார். தோட்டங்களில் தாமே பாடினார். 1940இல் அப்பாட்டுகளைச் சிறு நூலாகவும் அச்சிட்டார். மெட்டு பழையது என்பதால்தான் ஒரு முறை கேட்டவரால் திரும்பப் பாட முடிந்தது. மெட்டும் புதிதாக இருந்திருந்தால் அந்தப் பாட்டு மேடையோடு நின்றிருக்கும். வாசகருக்குப் பழகிய வடிவத்தை எடுப்பது சோம்பல் ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பாண் எங்கே போனது?

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். எந்தப் பாடசாலையின் சுவர்ச் சஞ்சிகையையும் நின்று வாசித்துப் பாருங்கள். சமையல் குறிப்புப் பக்கம் இருக்கும். அதில் 'பிரெட் துண்டுகள் நான்கு, மைதா ஒரு கப்' என்று இருக்கும். பதுளையில் எந்தக் கடையில் போய் 'பிரெட்' கேட்கிறோம்? நாம் வாங்குவது பாண். நம் வீட்டில் இருப்பது கோதுமை மா. எழுதிய பிள்ளையின் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் இந்தியச் சஞ்சிகையைப் பார்த்து எழுதும்போது பாண் காணாமல் போய்விட்டது.

இதைப் போலவே மழையைப் பற்றி எழுதும் பிள்ளை கடலோர மழையை எழுதுகிறாள். காலையில் அவள் பாடசாலைக்கு வரும் வழியில் நமுனுகுலையை மூடியிருந்த மூடுபனி கட்டுரையில் இல்லை. பசறை வீதியில் மண் சரிந்து பஸ் நின்றது இல்லை. 'தேயிலைத் தோட்டம்' என்ற கவிதையில் பச்சைக் கம்பளமும் பறவைகளும் இருக்கும். பிரட்டுக்களமும் நிறுவையும் லயத்துக் கூரையும் இருக்கா.

இங்கேதான் நமக்கு உண்மையான நட்டம். பிறரிடமிருந்து ஒரு வரியை எடுக்கும்போது எடுத்த இடத்தில் எதுவும் குறைவதில்லை. நம் வீட்டுச் சொல் ஒன்றுதான் எழுதப்படாமல் போகிறது. இருபது வருடம் கழித்து யாராவது நம் சஞ்சிகையை எடுத்துப் பார்த்தால், பதுளையில் வாழ்ந்த பெண்பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள், எப்படிப் பேசினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று அதில் தெரிய வேண்டாமா? 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த மண்சரிவு நம் மாவட்டத்தில் நடந்தது. மழைக்காலத்தில் ஒவ்வொரு சரிவிலும் வாழும் குடும்பம் இரவில் எப்படித் தூங்குகிறது என்பதை வெளியூர்ச் சஞ்சிகையைப் பார்த்து எழுத முடியாது.

எடுக்கும் முன் நான்கு கேள்விகள்

இதை மனதில் வைத்து, ஒரு சஞ்சிகையைப் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்பது என்று நாங்கள் முடிவு செய்தோம். பென்சிலோடு உட்கார்ந்தால் ஒரு சஞ்சிகைக்கு அரை மணி நேரம் போதும்.

முதற் கேள்வி: இது யாருக்காகச் செய்யப்பட்டது? எழுத்துக்களின் அளவு, வாக்கியத்தின் நீளம், விளம்பரம், எடுத்துக்கொண்ட பொருள் ஆகியவற்றைப் பார்த்தால் அது தெரிந்துவிடும். வாசகர் தெரிந்தால்தான் அந்த முறை நம் வாசகருக்குப் பொருந்துமா என்று சொல்லலாம்.

இரண்டாம் கேள்வி: எதற்கு எவ்வளவு இடம்? பக்கங்களை எண்ணி எழுதுங்கள். கதைக்கு எத்தனை, கட்டுரைக்கு எத்தனை, வாசகருக்கு எத்தனை? ஒரு சஞ்சிகை தன் ஆசிரியர் தலையங்கத்தில் சொல்வதைவிட, இடம் பிரித்த விதத்தில் அதிகம் சொல்லிவிடும். 'மாணவியர் சஞ்சிகை' என்று பெயர் வைத்துப் பாதிப் பக்கத்தை வாழ்த்துச் செய்திகளுக்குக் கொடுத்தால் அது யாருடைய சஞ்சிகை?

மூன்றாம் கேள்வி: நான் எந்தப் பக்கத்தை முதலில் திறந்தேன், ஏன்? நமக்குப் பிடித்ததற்குக் காரணம் தேடினால் அந்தக் காரணத்தை எடுத்துக்கொள்ளலாம். பக்கத்தை அப்படியே எடுக்கத் தேவையில்லை. உதாரணமாக, கேள்வி பதில் பகுதி எல்லாருக்கும் பிடித்திருந்தது. சாதாரண ஒருவரின் கேள்வி அச்சில் வருகிறது என்பதே அதற்குக் காரணம் என்று கண்டோம்.

நான்காம் கேள்வி: இதில் யார் இல்லை? இதுதான் கடினமான கேள்வி. பல சஞ்சிகைகளைப் புரட்டிவிட்டு ஒரு தங்கை சொன்னாள்: "எல்லாவற்றிலும் டொக்டராகப் போகும் பிள்ளை இருக்கிறாள், டொக்டர் வீட்டில் வேலை செய்யும் அம்மா இல்லை." எங்கள் சஞ்சிகையின் பாதி அந்த ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது.

முகத்துக்குப் பதில் கை

எல்லாருக்கும் ஆசை அட்டையில் இருந்தது. மல்லிகையையும் பூங்காவனத்தையும் போல ஓர் ஆளை அட்டையில் வைக்க வேண்டும். நான்காம் கேள்விக்குப் பிறகு, இதுவரை எந்த அச்சிலும் வராத ஒரு பெண்ணை வைப்பது என்று தீர்மானமாயிற்று. ஆனால் அங்கே ஒரு சிக்கல். எங்களில் பலருடைய வீட்டில் பெண்களின் புகைப்படம் வெளியே போவதை விரும்புவதில்லை. தோட்டத்துத் தாய்மாரோ, கொழுந்து எடுத்துவிட்டு வந்த கோலத்தில் படம் வேண்டாம் என்றார்கள். அவர்களுடைய விருப்பத்துக்கு மாறாக எதையும் செய்வதற்கில்லை.

சித்திரம் படிக்கும் ஒரு தோழிதான் வழி சொன்னாள். முகம் வேண்டாம், கையை வரைவோம். ஹாலிஎலைப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் கை. ஆமை போலச் சுருங்கிய பெருவிரல் நுனி, சுட்டுவிரலில் கழுவினாலும் போகாத தேயிலைக் கறுப்பு. பின் அட்டையில் எங்கள் தெருவில் அதிகாலையில் அப்பம் சுட்டுப் பிள்ளைகளைப் படிப்பித்த ஒரு பெத்தும்மாவின் கை. உள்ளே, அந்தக் கைக்குரியவரின் வாழ்க்கை இரண்டு பக்கத்தில், அவர் சொன்ன சொல்லிலேயே.

"என் கைய வரைஞ்சு என்னம்மா பண்ணப் போறீங்க?" என்று அந்தத் தாய் சிரித்தார். பெத்தும்மா அப்படிச் சிரிக்கவில்லை. "எண்ட கையில என்ன மகள் இரிக்கி?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரைந்து முடித்துக் காட்டியபோது, "மோதிரம் போட்ட தடத்தையும் போட்டிருக்கியே" என்றார். மோதிரம் அடகு போன கதை அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

அட்டையில் ஆளை வைக்கும் எண்ணம் எங்களுடையதல்ல. அதை ஆசிரியர் பக்கத்தில் எழுதியும் விட்டோம். எங்கள் வீடுகளின் நிலைமை அந்த எண்ணத்தைத் திருப்பிவிட்டது. அப்படித் திரும்பிய இடத்தில்தான் அது எங்களுடையதாயிற்று.

யாரிடமிருந்து என்று சொல்வது

எண்ணத்தை எடுப்பதற்கும் எழுத்தை எடுப்பதற்கும் இடையே சட்டமே கோடு போட்டிருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஒருவருடைய படைப்பைப் பாதுகாக்கிறது. வெறும் எண்ணத்தையோ முறையையோ அது பூட்டி வைப்பதில்லை. கேள்வி பதில் பகுதி வைக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. இன்னொருவர் எழுதிய பதிலைப் போடும் உரிமை இல்லை. எழுதியவர் உயிரோடு இருக்கும் காலமும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் அந்தப் பாதுகாப்பு நீடிக்கும். கவிதைக்கும் இதுதான், ஓவியத்துக்கும் இதுதான்.

சட்டத்துக்கு முன்பே இது நமக்குத் தெரிந்த ஒழுங்கு. ஹதீஸ் படிக்கும்போது, இன்னாரிடமிருந்து இன்னார் கேட்டார் என்ற சங்கிலியோடுதான் படிக்கிறோம். சொன்ன செய்தி எவ்வளவு முக்கியமோ, அது யார் வழியாக வந்தது என்பதும் அவ்வளவு முக்கியம் என்று நம் முன்னோர் கருதினார்கள். ஒரு சஞ்சிகையில் "இந்தப் பகுதிக்கான யோசனை இன்ன சஞ்சிகையிலிருந்து பெற்றது" என்று ஒரு வரி எழுதுவதால் நமக்கு எந்தக் குறைவும் வராது. வாசிக்கும் தங்கைக்கு மூலத்தைத் தேடிப் போக ஒரு வழி கிடைக்கும். பிறர் எழுத்து நம் கையில் இருக்கும் அமானிதம்.

மூலத்தைத் தேடுவதும் இப்போது முன்பு போலக் கடினமில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துச் சஞ்சிகைகள் ஆயிரக்கணக்கில் இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. மல்லிகையின் பழைய இதழ்களைப் பதுளையில் இருந்துகொண்டே ஒரு கைப்பேசியில் பார்க்கலாம்.

கம்பியைக் கழற்றிப் பாருங்கள்

இன்னொரு விதமான படிப்பும் உண்டு. அது கையால் படிப்பது. வீட்டில் வீணாகக் கிடக்கும் மெல்லிய சஞ்சிகை ஒன்றின் நடுக்கம்பியைக் கழற்றிப் பாருங்கள். தாள்கள் பிரிந்து வரும். முதற் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளின் ஒரே முகத்தில் இருப்பதைக் காண்பீர்கள். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம். ஆகவே இப்படிக் கட்டும் சஞ்சிகையின் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகவே வரும்.

நாங்கள் ஏ4 தாள் நான்கை நடுவில் மடித்தோம். 16 பக்கம். முதல் தாளின் வெளிமுகத்தில் 16உம் 1உம், உள்முகத்தில் 2உம் 15உம். அடுத்த தாளில் 14உம் 3உம், 4உம் 13உம். எந்த முகத்தை எடுத்தாலும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை 17 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ மாறிவிட்டது என்று அர்த்தம். எழுதத் தொடங்கும் முன் வெற்றுத் தாளில் இப்படி ஒரு மாதிரிப் பிரதி கட்டி, எந்தப் பக்கத்தில் எது என்று பென்சிலால் குறித்துக்கொண்டால் போட்டோக்கொப்பி எடுக்கும்போது காசு வீணாகாது. ஓரத்தில் இரண்டு விரல் அகலம் விடுவதும், நடு மடிப்புக்கு மிக அருகில் எழுதாமல் விடுவதும் பிரித்துப் பார்த்தால் தானாகவே விளங்கும். இதற்கெல்லாம் பாடநூல் தேவையில்லை. முன்பு செய்தவர் தாளிலேயே பாடத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பெற்றோருக்கு

இதை வாசிக்கும் உம்மாமாருக்கும் வாப்பாமாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது பிள்ளை சஞ்சிகை, கதை என்று நேரத்தைப் போக்குகிறாளே என்று கவலை வருவது இயல்பு. எங்கள் நேரத்துக்கு மதிப்பு இருக்கிறது என்று நினைப்பதால்தான் அந்தக் கவலையும் வருகிறது. ஆனால் ஒன்றை யோசியுங்கள். நம்மில் எத்தனையோ பிள்ளைகளின் பெயர் அச்சில் வரும் முதற் சந்தர்ப்பம் பாடசாலைச் சஞ்சிகை. சிலருக்கு அதுவே கடைசிச் சந்தர்ப்பமாகவும் ஆகிவிடுகிறது. பரீட்சை முடிந்து, திருமணம் முடிந்து, வீடும் பிள்ளைகளும் என்று ஆனபின் பேனாவை எடுக்க நேரம் வாய்ப்பவர்கள் சிலரே. அந்த ஒரு பக்கத்தில் அவள் பெயருக்குக் கீழே இருப்பது வேறொருவரின் வரியாக இருந்தால், அவள் எழுதியது எங்கே?

ஆகவே பிள்ளை ஒரு கட்டுரையோடு வந்து காட்டினால், "நல்லா இருக்கு" என்பதோடு நிறுத்த வேண்டாம். "இது எங்க பார்த்த?" என்று கேளுங்கள். "நம்ம வீட்டில இது எப்படி?" என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல அவள் உங்களிடம்தான் வருவாள். உங்கள் உம்மா பேசிய சொற்கள், ஊர் வந்த கதை, கடை வைத்த கதை, வெள்ளம் வந்த வருடம் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. எந்தச் சஞ்சிகையிலும் அவை இல்லை.

தங்கைகளே, அடுத்த சஞ்சிகைக்கு மேசையில் பழைய இதழ்களைப் பரப்பும்போது இந்த இதழையும் அவற்றோடு வையுங்கள். பிடித்த பகுதி இருந்தால் அதன் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு, இதில் யார் இல்லை என்று பாருங்கள். நாங்கள் விட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை நீங்கள் எழுதுங்கள்.